நான் ஹெல்மரா நடிச்ச கதை

அன்புள்ள தம்பி,

சுகமா இருக்கிறியே? இங்க அப்பாவுக்கு முழங்கால் நோ அப்பிடியே கிடக்கு, மற்றும்படி சுகம். கோலில சொன்னா நீ இடையில பூந்து கதைப்பாய், அதுதான் எழுதுறன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கம்பசில நாடகமும் அரங்கியலும் படிக்கிறாளெல்லே, இப்சன்ர ‘பொம்மை வீடு’ போடப் போகினமாம், அவள்தான் நோரா. பின்னேரத்தில வசனம் பாடமாக்க எங்கட விறாந்தைக்கு வருவாள், நோராவின்ர புருஷன் ஹெல்மரின்ர வசனத்தை நான் வாசிக்கோணும். இந்த வயசில நான் ஹெல்மர்! 1879ல நோர்வேக்காரன் எழுதினது, வாசிக்க வாசிக்க எங்கட வீட்டுக் குரல் கேக்குது. உவன் குடிகாரனில்ல, அடிக்கிறேல்ல, படிச்ச மனுசன், பாங்கில பெரிய வேலை. மனுசியை வானம்பாடி, அணில் எண்டு கொஞ்சுவான், பல் பழுதாப் போகுமெண்டு இனிப்புத் தின்ன விடான், அவள் ஒளிச்சு வைச்சுத் தின்னுவாள். இப்பிடி ஒரு மாப்பிள்ளைக்கு எங்கட சனம் சாதகம் தூக்கிக்கொண்டு ஓடும்.

அவன்ர உயிரைக் காப்பாத்த அவள் களவாக் கடன் எடுத்தவள், அந்தக் காலம் புருஷன்ர சம்மதமில்லாம பொம்பிளை கடன் எடுக்கேலாது, அதால பிணைக்குத் தேப்பன்ர கையெழுத்தைத் தானே வைச்சிட்டாள். தேப்பன் செத்தது செப்டம்பர் 29, கையெழுத்துக்குப் போட்ட திகதி ஒக்டோபர் 2, பிடிபட்டிட்டாள். முதல் சிரிச்சிட்டன், பேந்து சிரிப்பு வரேல்ல. உன்னை வெளியில அனுப்ப என்ர சீதனக் காணியில ரெண்டு பரப்பு வித்தனாங்கள் ஞாபகமோ? என்ர அம்மா எனக்குத் தந்த காணி. ஆனா தேசவழமைக்காரருக்கு, அதுதான் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட எங்களுக்கு, 1911ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, புருஷன் எழுத்தில சம்மதம் தராம விக்கேலாதெண்டு நொத்தாரிசு சொன்னார். அப்பா தன்ர காணியை விக்கேக்க என்னை ஒருத்தரும் கேக்கேல்ல. அப்பா ஒரு சொல்லுச் சொல்லாம என்ர காணிக்குக் கையெழுத்து வைச்சுத் தந்தவர், நல்ல மனுசன்தான், ஆனா பேந்து கலியாண வீடு செத்த வீடு எல்லா இடமும் “நான் மறிக்கேல்ல, விட்டனான்” எண்டு சொல்லித் திரிஞ்சவர், நானும் பக்கத்தில பெருமையா நிண்டனான், அதுதான் இப்ப வெக்கம்.

போன வியாழன் நீ என்ன சொன்னனீ? “அம்மா, நான் அவவை ஃப்ரீயா விட்டிருக்கிறன், குசினியிலயும் ஹெல்ப் பண்ணுறன்.” பின்னால மருமகள் வேலையால வந்த ஜக்கெற்றும் கழட்டாம அடுப்படியில நிண்டவ. ரெண்டு பேரும் எஞ்சினியர். விடுறதுக்கு நீ ஆர் தம்பி? உன்ர குசினியில நீ ஆருக்கு ஹெல்ப்? முழுப்பிழையும் உன்னிலை போடேல்ல, நீ சாப்பிட்ட கோப்பையைக் கழுவ அக்காவைக் கூப்பிட்டது நான்தானே.

கடைசியில நோரா பிள்ளையளையும் விட்டிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போறாள். பிள்ளையளை விட்டிட்டோ எண்டு பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டன். ஜேர்மனியில ஒரு நடிகை அப்பிடி நடிக்க மாட்டனெண்டு நிண்டு இப்சனையே முடிவை மாத்தி எழுத வைச்சவவாம், “நீங்களும் அந்த ஆள்தான் அன்ரி” எண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும், எனக்கு அந்த முடிவு இன்னும் பிடிக்கேல்ல.

மிளகாய்த்தூள் பார்சல் இந்தமுறை மருமகளின்ர பேருக்குப் போட்டிருக்கிறன். ஒடியல் மாவும் இருக்கு. அது உனக்கு, கூழ் காய்ச்சத் தெரியாட்டி எனக்குக் கோல் எடு, அவவைக் கேக்காத.

அம்மா