மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நின்ற எம்.ஜி.பி.: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சிவப்பு எம்.ஜி.பி. (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இரவு மழையில் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நின்றுபோனதைப் பற்றிய குரல் பதிவு உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க ஒர்க்‌ஷாப்ல செஞ்ச வண்டிதானே?" என்று கேட்டார்கள். ஆமாம், அந்தக் காரின் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்த ஒரு கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தது நாங்கள்தான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

காரின் உரிமையாளர் எங்கள் பழைய வாடிக்கையாளர். பதிவைப் போட்டவர் அவர் இல்லை; வண்டியைத் தள்ளிவிட இறங்கி வந்தவர்களில் ஒருவர். மழையில் நனைந்து உதவியவர் கோபத்தில் நாலு வார்த்தை பேசினால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், "ஸ்கூல் பிள்ளைகள் வெளையாடுற போர்டைத் தூக்கி மாட்டிட்டு காசு வாங்கிட்டாங்க" என்று அதில் ஒரு வரி வருகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நாங்கள் வைத்தது ஸ்பீடுயினோ என்ற ஈ.சி.யூ., அதாவது என்ஜின் கம்ப்யூட்டர். அதன் மூளை ஆர்டுயினோ மெகா 2560 போர்டு. பிள்ளைகள் ரோபோ செய்ய வாங்கும் அதே போர்டுதான். எஸ்டிமேட்டிலேயே அதை எழுதித் தருகிறோம், யாரிடமும் மறைத்தது கிடையாது. இந்த வேலைக்கு அது காணுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் 6000 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்டு ஆகிறது. நாலு சிலிண்டர் வண்டிக்கு ஒரு சுற்றில் இரண்டு ஸ்பார்க் வேண்டும். அதாவது 5 மில்லி செகண்டுக்கு ஒன்று. அந்தப் போர்டு ஓடுவது 16 மெகாஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 1.6 கோடி துடிப்பு. ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்த ஸ்பார்க்குக்கும் நடுவில் அதற்கு 80,000 துடிப்பு கிடைக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எந்த டிகிரியில் ஸ்பார்க் என்று கணக்குப் பார்க்க அது தாராளம். தவிர, போர்டை மட்டும் யாரும் வண்டியில் மாட்டுவதில்லை. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் ஸ்பார்க் கொடுக்கும் காயிலையும் இயக்கும் சர்க்யூட்டும், வோல்டேஜ் ஏறி இறங்கினால் காப்பாற்றும் பாகங்களும் சேர்ந்த இன்னொரு போர்டின் மேல்தான் அது உட்காருகிறது.

"ஒரிஜினல் காரை அறுத்துட்டாங்க" என்பதும் உண்மை இல்லை. கிராங்க் என்ற என்ஜின் தண்டின் புல்லிக்குப் பின்னால் 36 பல் இடத்தில் ஒரு பல் இல்லாத சக்கரம் ஒன்றை போல்ட் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு பல்லுக்கு 10 டிகிரி. பல் இல்லாத இடம் சென்சரைக் கடக்கும்போது கிராங்க் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு இருந்த இடத்தில், அதே ஸ்டட்டிலேயே காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி. கழற்றிய கார்புரேட்டர்களையும், ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையும் துடைத்து, எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்து உரிமையாளர் கையில் கொடுத்தோம். நாளைக்கே பழையபடி வேண்டும் என்றாலும் மாட்டிவிடலாம்.

எம்.ஜி.பி.யில் இந்த வேலை லேசானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 1798 சி.சி. என்ஜினில் நாலு சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வாசல் இரண்டுதான்: 1, 2-ம் சிலிண்டருக்கு ஒன்று, 3, 4-ம் சிலிண்டருக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே டம்ளரில் பால் கொடுத்தால் முந்துகிறவன் ஒரு பங்கு கூடவே குடித்துவிடுவான் அல்லவா, அந்தக் கதைதான். 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் வேலை செய்யும் வரிசை) 2-ம் சிலிண்டர் இழுத்த கையோடு 1, 3-ம் சிலிண்டர் இழுத்த கையோடு 4. இதைச் சமாளிக்க இன்ஜெக்டரை வாசலிலிருந்து தள்ளி, மேலே த்ராட்டில் பாடியிலேயே வைத்தோம். பெட்ரோல் காற்றோடு கலந்து வர இடம் கிடைக்கும். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றுக்கு எதிரே திரும்பத் திரும்ப ஓட்டித்தான், எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மேப்பைச் சரி செய்தோம். நம் மாவட்டத்தில் என்ஜினுக்கு அப்படி லோடு கிடைக்கிற வேறு நேர் ரோடு கிடையாது.

சரி, அன்று ஏன் நின்றது? 1967-க்கு முந்தைய எம்.ஜி.பி.களில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும்), பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ. கம்ப்யூட்டருக்காக எர்த்தை நெகட்டிவாக மாற்றினோம். டைனமோவை மட்டும் விட்டுவிடச் சொன்னார் உரிமையாளர். அவர் அப்பா ஓட்டிய கார், அந்த ஆசையை மதித்தோம். அந்த டைனமோ முழு வேகத்தில் தருவது 22 ஆம்பியர்; ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, ஏறக்குறைய ஒன்றும் தராது. 3 பார் அழுத்தம் கொடுக்கும் எங்கள் பெட்ரோல் பம்ப், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேர்த்தாலும் ஓடுகிற வண்டிக்குச் சமாளிக்கும் என்று எழுதியே கொடுத்திருந்தோம்.

கார் திரும்ப வந்ததும் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டருக்குக் கரண்டு விடும் ரிலேயிலிருந்து மஞ்சள் வயர் ஒன்று கிளம்பி, முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியபடி முன்பக்கம் போகிறது. போய்ச் சேர்ந்த இடம் 55 வாட் ஃபாக் லைட் இரண்டு. டேப் உருகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. லேப்டாப்பை மாட்டி, அன்று போலவே எல்லா விளக்கையும் வைப்பரையும் போட்டு ஐடிலிங்கில் விட்டோம். வோல்டேஜ் கோடு மெல்ல மெல்ல இறங்கி, 10-க்குக் கீழே வந்ததும் பம்ப் சத்தம் மங்கி என்ஜின் நின்றது. உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம், ஐடிலிங் சீராக இருந்தது. ஃபாக் லைட் மாட்டிய எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பழைய வண்டி என்று நினைத்து, கரண்டு வருகிற பக்கத்து வயரில் சேர்த்திருக்கிறார்.

"இதுக்குக் கார்புரேட்டரே போதுமே" என்றும் சிலர் கேட்கிறார்கள். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்கு ஏறத்தாழ 13.5 போதும். கார்புரேட்டரில் பழைய ஜெட், பழைய ஊசியோடு ஓடும் வண்டி லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடிச் சூடாகும். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சர் இருந்தால் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். அந்தக் கால ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி வெடிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இனிமேல் டைனமோ உள்ள வண்டிக்கு ஆல்டர்னேட்டர் மாற்றாமல் கம்ப்யூட்டர் வைக்க மாட்டோம். வயரிங் முழுவதையும் கையில் வைத்திருந்த தம்பி சார்ஜாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் நன்றாக இருக்கட்டும். அதனால் டெலிவரி கொஞ்சம் தள்ளிப்போகும், கூலியும் சென்சர் விலையும் கூடியிருப்பதால் பில் தொகை ஓரளவு மாறும், இது இப்போது உள்ளே நிற்கும் வண்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

அப்பா காலத்தில் ஃபியட்டையும் அம்பாசிடரையும் இங்கே விட்டவர்களின் பிள்ளைகள் இன்று தங்கள் வண்டிகளோடு வருகிறீர்கள். குரல் பதிவு சுற்றிய அந்த வாரத்திலும் ஒருவர்கூட வண்டியைத் திருப்பி எடுக்கவில்லை. கடைக்கு நேரில் வந்து, டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க வேலையப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நான் மறக்க மாட்டேன். மனமார்ந்த நன்றி.

நாங்கள் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்த எல்லா வண்டிகளுக்கும் எர்த், ரிலே, ஃபியூஸ் சோதனை இலவசம். முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிகள் முதலில் வரட்டும். உப்புக்காற்றில் பாடி எர்த் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். புதிதாக விளக்கோ ஹாரனோ கேமராவோ மாட்ட நினைத்தால் முன்கூட்டியே ஒரு போன் செய்யுங்கள். வயரை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று உங்கள் எலக்ட்ரீஷியனிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்,
பார்வதிபுரம், நாகர்கோவில்