மகளுக்கு, ஜெர்சி டிசைன்களைப் பற்றி

அன்புள்ள மலர்,

நீ தேர்வுக் குழுவில் இருக்கிறாய் என்பது தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். புதிதாக ஒரு கால்பந்து லீக் தொடங்கப்போகிறது, எல்லா அணிகளுக்கும் லோகோவும் யூனிஃபார்மும் போட்டி வைத்து எடுக்கிறார்கள், அக்காவும் ஒரு ஜட்ஜ் என்றான். அன்றிலிருந்து அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைத்தான் பேசுகிறார். எனக்கும் பெருமைதான். உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சரி, அதை விடு.

போன தடவை நீ வந்திருந்தபோது பேசினதை நான் இப்போது எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கமாட்டார். இது உன் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிற கடிதம்.

கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களைத் தம்பி போனில் காட்டினான். எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. எனக்கு அதுதான் பயம். கம்ப்யூட்டரில் வரைந்த ஜெர்சியில் மடிப்பு விழாது, வியர்க்காது, துவைத்தால் சுருங்காது. ஆயுள் முழுக்க ஜெர்சி தைத்தவள் சொல்கிறேன், படத்துக்கு மார்க் போடாதே, துணிக்குப் போடு. கடைசிக்கு வந்த ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாதிரியாவது தைத்துக் கொண்டுவரச் சொல். யாரையாவது போட்டுக்கொண்டு ஓடச்சொல்லி, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார். நனைத்தும் பார். சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வியர்வை பட்ட இடத்தில் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளையிலும் கறுப்பிலும் அவ்வளவு தெரியாது.

அந்தக் கழுகு லோகோவை வரைந்தவருக்கு நல்ல கை. ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக இழுத்திருக்கிறார். ஆனால் மார்பில் அது உள்ளங்கையை விடச் சின்னதாக வரும். எம்பிராய்டரி போட்டால் இறகுக்கு நடுவில் உள்ள இடைவெளியெல்லாம் நூலில் அடைபட்டு, கழுகு ஒரு பழுப்புக் கட்டியாகிவிடும். சுற்றி வளைத்து எழுதியிருக்கிற பெயரும் அப்படித்தான், எழுத்து 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தையலில் படிக்க வராது. அதோடு எம்பிராய்டரிக்குப் பின்னால் வைக்கிற விறைப்புத் துணி ஆடுகிறவரின் மார்பை உராய்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பெரிய கிளப்புகள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களுக்குச் சூடு வைத்து ஒட்டுகிற சின்னமும், ரசிகர்களுக்கு விற்கிற ஜெர்சியில் தையல் சின்னமுமாகப் பிரித்துக் கொடுக்கின்றன. அவரை ஒதுக்கிவிடாதே. இறகுகளைக் குறைத்து மறுபடி வரைந்து தரச்சொல்லிக் கேள். எல்லா லோகோவையும் கறுப்பு ஒன்றிலேயே அச்சடித்துப் பார்க்கவும் மறக்காதே. டிவியில் ஸ்கோர் காட்டுகிற மூலையில் அது கடுகளவுதான் இருக்கும்.

கோடு போட்ட ஜெர்சி இரண்டு பார்த்தேன். முதுகில் எண் எங்கே உட்காரும் என்று இரண்டிலும் காட்டவே இல்லை. கோட்டின் மேலேயே எண்ணை வைத்தால் யாருக்கும் தெரியாது. முதுகில் ஒரே நிறத்தில் ஒரு கட்டம் விடவேண்டும். ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் தன்னுடைய பச்சை வெள்ளைப் பட்டையின் மேல் எண் போட மனமில்லாமல், உள்நாட்டு ஆட்டங்களில் 1960 முதல் 1994 வரை ஷார்ட்ஸில்தான் எண் வைத்திருந்தது. அவர்கள் பழைய கிளப், பட்டையைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். புது லீக்கில் ஆட்டக்காரர் முகமே இன்னும் யாருக்கும் பழகியிருக்காது, எண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கவேண்டும்.

நிறத்தில்தான் நீ ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும். மான்செஸ்டர் யுனைடெட் 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் மைதானத்தில் சாம்பல் நிற ஜெர்சியில் இறங்கி, பாதி நேரத்தில் 3-0 என்று பின்தங்கிவிட்டது. இடைவேளையில் அத்தனை பேரும் நீலம் வெள்ளைக்கு மாறி வந்தார்கள். கூட்டத்தின் பின்னணியில் தன்னோடு ஆடுகிறவனே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர்களுடைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் சொன்னார். ஆட்டம் 3-1 என்று தோல்வியில்தான் முடிந்தது. நிறைய பேர் அதைச் சாக்கு என்று கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தைத் தள்ளுகிறவன் தலையைத் தூக்கிப் பார்க்கக் கிடைப்பது ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் தன் ஆள் தெரியவேண்டும்.

ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறைபாடு இருக்கிறது. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. பெரும்பாலும் சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். 2018 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே ரஷ்யா சிவப்பு, சவுதி அரேபியா பச்சை. யார் எந்த அணி என்று தெரியவில்லை என்று எத்தனையோ பேர் குறைப்பட்டார்கள். பார்க்கிறவரை விடு, ஆடுகிறவர்களிலேயே இருபத்தைந்து ஆண்கள் இருந்தால் கணக்குப்படி இரண்டு பேருக்கு அது இருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள். படங்களை நிறம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்று வெளுப்பாகவும் ஒன்று அடர்த்தியாகவும் தெரிந்தால் கவலை இல்லை. ஒவ்வொரு அணியையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று மற்றவர்களிடமும் சொல். மைதானத்தில் இரண்டு அணி, இரண்டு கோல்கீப்பர், ரெஃப்ரி என்று ஐந்து நிறம் ஒரே நேரத்தில் நிற்கும். கோல்கீப்பர் நிறம் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்தும் ரெஃப்ரியிடமிருந்தும் வேறாகத் தெரியவேண்டும் என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. தம்பி காட்டின படங்களில் கோல்கீப்பர் ஜெர்சி ஒன்றுகூட இல்லை.

இதையெல்லாம் நீ யோசித்திருப்பாய். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுப்பினவர்களுக்குப் பதில் போட்டீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

ஜெயித்தவர்களுக்குப் போகும், தெரியும். மற்றவர்களுக்கு? வந்து சேர்ந்ததா, யாராவது பிரித்தாவது பார்த்தார்களா என்று அவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு சின்னம் வரைந்து அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? வாட்டர் கலர் காயட்டும் என்று என் தையல் மேஜையை ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டாய். தபால்காரர் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாய். பரிசு வேண்டாம், பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் போதும் என்று நீதான் சொன்னாய். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் நீ பிரஷைத் தொடவில்லை.

பிரேசிலின் மஞ்சள் ஜெர்சியும் இப்படி ஒரு போட்டிக்கு வந்ததுதான். 1950இல் வெள்ளை ஜெர்சியோடு சொந்த மைதானத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்று உலகக் கோப்பையை விட்டார்கள். இனி வெள்ளையே வேண்டாம் என்றாகிவிட்டது. 1953இல் கொரெயோ டா மன்யா என்ற பத்திரிகை போட்டி வைத்தது. கொடியில் உள்ள நான்கு நிறமும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அல்டிர் கார்சியா ஷ்லி என்று ஒரு பையன், 19 வயது, உருகுவே எல்லையை ஒட்டிய ஜகுவரான் என்ற சின்ன ஊர்க்காரன். நான்கு நிறம் ஒரு யூனிஃபார்முக்கு அதிகம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. நூற்றுக்கு மேல் வரைந்து பார்த்துவிட்டு, நீலமும் வெள்ளையும் சேர்ந்து போகும், அவை கீழே இருக்கட்டும் என்று ஷார்ட்ஸுக்கும் சாக்ஸுக்கும் கொடுத்தான். மேலே மஞ்சள், கழுத்திலும் கையிலும் பச்சை விளிம்பு. 1954 மார்ச்சில் சிலிக்கு எதிராக அதைப் போட்டு இறங்கினார்கள். பெலே மூன்று கோப்பை வாங்கினதும் அந்த மஞ்சளில், அல்லது மஞ்சள் மாற்றவேண்டி வந்தபோது நீலத்தில்.

அவனுக்குக் கிடைத்தது. அதே போட்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த மற்றவர்களைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கிற குவியலிலும் அப்படி நூறு தாள் கிழித்துப்போட்டு ஒன்றை அனுப்பினவர்கள் இருப்பார்கள். ஆளுக்கு இரண்டு வரி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. எடுக்காமல் விட்ட டிசைன் யாருக்குச் சொந்தம் என்று போட்டி விதியில் எழுதியிருக்கிறதா, எடுத்துப் பார். அனுப்பியதெல்லாம் லீக்குக்கே சொந்தம் என்று ஒரு வரியைச் சின்ன எழுத்தில் போட்டுவிடுகிற வழக்கம் போட்டிகளில் உண்டு. சம்பளமும் இல்லாமல் பரிசும் இல்லாமல் வரைந்தவனிடமிருந்து வரைந்ததையும் பிடுங்கிக்கொள்வது நியாயம் இல்லை. தோற்றது அவரவருக்கே என்று மாற்றச்சொல். நீ சொன்னால் கேட்பார்கள். சின்ன வயதிலிருந்தே நீ அழுத்தமாக ஒன்றைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுத்ததில்லை. மறுத்த ஒரே விஷயம் எது என்று உனக்கே தெரியும், அதை விடு.

பெண்கள் அணிகளும் இந்த லீக்கில் உண்டா? இருந்தால் வெள்ளை ஷார்ட்ஸுக்குச் சம்மதிக்காதே. குழுவில் இருக்கிற ஆண்கள் இதைத் தாங்களாக யோசிக்கமாட்டார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள். மாதவிடாய் நாளில் வெள்ளையைப் போட்டுக்கொண்டு ஆட எந்தப் பெண்ணுக்கும் மனசு பந்தில் இருக்காது. இங்கிலாந்து பெண்கள் அணி 2022இல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்ததே வெள்ளை ஷார்ட்ஸில்தான், ஆனாலும் மாற்றவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். 2023இல் நீலம் கொடுத்தார்கள். அதோடு, ஆண்கள் அளவைக் குறுக்கிப் பெண்களுக்குக் கொடுக்காமல் தனியாக வெட்டச்சொல். தோளும் இடுப்பும் வேறு.

முடிவை அறிவிப்பதற்கு முன்னால் ரசிகர்களிடம் காட்டுவீர்களா? இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப் 2018இல் புதுச் சின்னம் ஒன்றை வெளியிட்டது, ஒரு ஆள் மார்பில் கையை மடக்கி வைத்திருக்கிற மாதிரி. 10,000 பேரிடம் கருத்துக் கேட்டுத்தான் செய்தோம் என்றார்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் எதிர்த்து மனுப்போட, விட்டுவிட்டார்கள். எவர்ட்டன் 2013இல் சின்னத்திலிருந்து பழைய லத்தீன் வாசகத்தை எடுத்துவிட்டு, கிளம்பின கோபத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, ரசிகர்களை ஓட்டுப் போடவைத்து அடுத்த ஆண்டே மாற்றியது. கார்டிஃப் சிட்டி 2012இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கி, 2015 ஜனவரியில் நீலத்துக்கே திரும்பியது. உங்களுடையது புது லீக், பழைய ரசிகர்கள் இல்லை, தப்பித்தோம் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே. இப்போது நீங்கள் எடுப்பதைத்தான் இன்னும் இருபது வருஷம் கழித்து ஒருவன் தன் பழைய சின்னம் என்று சொல்லிக்கொண்டு சண்டைக்கு வருவான். அதனால் இந்த வருஷத்து ஃபேஷனைப் பார்த்து எடுக்காதே. 1978இல் அமெரிக்காவில் கொலராடோ கரிபுஸ் என்ற அணி மார்புக்குக் குறுக்கே தோல் தொங்கல் வைத்த ஜெர்சியில் ஆடியது. அன்றைக்கு அதை வடிவமைத்தவருக்கு அது புதுமையாகத்தான் பட்டிருக்கும்.

அறிவிப்பு வந்ததும் பேசுவார்கள், மலர். ஜட்ஜ் பெயரைப் போட்டே பேசுவார்கள். போனை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கு. சாப்பிடாமல் வேலை செய்யாதே, தலைவலி அதனால்தான் வருகிறது. நீ எதை எடுத்தாலும் காரணத்தோடுதான் எடுத்திருப்பாய் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் போனில் அனுப்புகிறதற்கெல்லாம் இரண்டு டிக்கும் நீலமாகிவிடுகிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். அப்பாவும் தினம் வந்து கேட்பார், நீலமாகிவிட்டது என்று சொல்வேன், போய்விடுவார்.

அனுப்பினவர்களுக்குப் பதில் விஷயத்தைத் தள்ளிப்போடாதே. நேரம் இல்லை என்று குழுவில் யாராவது சொன்னால், நானே போடுகிறேன் என்று சொல். என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தால் நாள் போய்விடும், அப்புறம் எழுதவே சங்கடமாகிவிடும். அழகாக இருக்கவேண்டாம். காரணமெல்லாம் விளக்கவேண்டாம். வந்து சேர்ந்தது, படித்தேன் என்று இருந்தால் போதும். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா