ரெகுலேட்டரை மூடி ஓட்டாதே, பாப்பா

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. உங்கள் ஆயுதக் கிடங்கில் ஒரு எஸ்.எல்.ஆர். (தானாக லோடு ஆகும் துப்பாக்கி) அடிக்கடி காலிக் கூட்டை வெளியே தள்ளாமல் நிற்கிறது, கேஸ் ரெகுலேட்டரை முழுசாக மூடினால்தான் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். "ஓடுகிறதே, அது போதும்" என்கிறார்களாம். போதாது.

சுடும்போது வரும் கேஸ்தான் பிஸ்டனைத் தள்ளி, காலிக் கூட்டை வெளியேற்றி அடுத்த குண்டை ஏற்ற வைக்கிறது. ரெகுலேட்டர் அதில் மிச்ச கேஸை வெளியே விடும் வழி. அதை மூடினால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் அடி கூடும். நல்ல துப்பாக்கிக்கு அவ்வளவு அடி தேவைப்படாது. உள்ளே எங்கோ பிஸ்டன் உரசுகிறது, இல்லையென்றால் கேஸ் கசிகிறது. இன்றைக்கே முழுசாக மூடிவிட்டால், நாளை கொஞ்சம் கரி படிந்ததும் அடியைக் கூட்டுவதற்கு இடம் ஏது?

முதலில் மேகஸினைக் கழற்று. இரண்டு தடவை கைப்பிடியை இழுத்து விட்டு (காக் செய்து), குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார். அப்புறம் பிஸ்டனுக்கு முன்னால் மூடியாக இருக்கும் கேஸ் பிளக்கைப் பார். அதைத் தலைகீழாக மாட்டினால் கிரனேடு சுடுவதற்கான நிலைக்குப் போய் கேஸ் அடைபட்டுவிடும். உன் துப்பாக்கி அவ்வப்போது ஓடுவதால் அதுவாக இருக்காது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பிஸ்டனை வெளியே எடுத்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிடு. பிஸ்டனைக் கண்ணாடி மேல் உருட்டு. வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். பிறகு ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மட்டும் கேஸ் குழாயில் விட்டு, பேரல் முனையை மேலே தூக்கு. தன் எடையிலேயே வழுக்கிப் போய் 'டக்' என்று நிற்க வேண்டும். கால் கால் சுற்றாகத் திருப்பி நாலு முறை செய். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்தால் பிஸ்டனில் வளைவு. எப்படித் திருப்பினாலும் ஒரே இடத்தில் பிடித்தால் குழாயும் ரிசீவர் (துப்பாக்கியின் உடல்பகுதி) துளையும் நேர்க்கோட்டில் இல்லை. சந்தேகம் இருந்தால் பிஸ்டன் தண்டில் விளக்குக் கரியைத் தடவி விடு. கரி எங்கே அழிந்து பளபளக்கிறதோ, அங்கேதான் உரசல்.

நான் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராகச் சேர்ந்த புதிதில், கீழே விழுந்த ஒரு துப்பாக்கியை இப்படி ரெகுலேட்டரை மூடியே சரிசெய்து கொடுத்தேன். ரேஞ்சில் அந்தப் பையன் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து இழுத்துச் சுட்டான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 1962 போரில் நம் ஜவான்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டிய .303 போல்ட் துப்பாக்கியோடுதான் மலையில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த எஸ்.எல்.ஆர். படைக்கு வந்தது. தானாக லோடு ஆவதற்காகவே வந்த துப்பாக்கியைக் கையால் இழுக்க விடலாமா?

பிஸ்டன் வளைந்திருந்தால் மாற்று. உரசுகிறதே என்று அரத்தால் தேய்த்து மெலிக்காதே, கேஸ் கசியும். குழாயோ அதைப் பேரலோடு இணைக்கும் கேஸ் பிளாக்கோ கோணியிருந்தால் சுத்தியலைத் தொடாமல், சீட்டு எழுதிக் கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பு. பெரியவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

சரியாகி வந்ததும் ரேஞ்சில் ரெகுலேட்டரை நன்றாகத் திறந்து வைத்து ஆரம்பி. ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே சுடு. தடையில்லாமல் ஓடும் இடம் வந்ததும் மேலும் இரண்டு கிளிக் மூடு, அவ்வளவுதான்.

பிஸ்டன் எந்த இடத்தில் பிடித்தது என்று ஒரு படம் போட்டு அனுப்பு. அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா