பேங்க் எடுத்துக்கொடுத்த பாலிசி மட்டும் போதாதம்மா

பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர், மலேசியா

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

கிள்ளான் வீட்டுக்கு அடுத்த மாதம் சாவி கிடைத்துவிடும் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஆனால் காப்புறுதியைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் பேங்கே பார்த்துக்கிச்சுப்பா" என்றாயே, அதுதான் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் இருந்தவரை கூரை நம்முடையது இல்லை. காற்றில் தகரம் பறந்தால் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதிய என்னிடம் வந்து சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன், ஆள் வந்து அடித்துவிட்டுப் போவான். பிறகு தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளில் கடனுக்கு வீடு வாங்கி வந்தார்கள். கடன் பத்திரத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினார்கள். வீட்டுக்கு எது பாதுகாப்பு, எது இல்லை என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. கிராணி வேலையை விட்ட பிறகும் பாலிசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வருகிறார்கள்.

பேங்கில் உனக்கு இரண்டு தாள் கொடுத்திருப்பார்கள். ஒன்று எம்.ஆர்.டி.ஏ. கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீதிக் கடனை அடைப்பதற்கு. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று தீக் காப்புறுதி. அது அடிப்படைப் பாலிசியாக இருந்தால் தீ, மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு, இவ்வளவுதான். வெள்ளம் அதில் கிடையாது.

ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் உன் சித்தி பட்டது உனக்குத் தெரியும். 2021 டிசம்பர் வெள்ளம் வடிந்து நாங்கள் போனபோது, லைட் சுவிட்சுக்கு மேலே சுவரைச் சுற்றிச் சேற்றுக்கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. பாலிசி தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வெயிலில் காயவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். வெள்ளம் என்ற சொல்லே எங்கும் இல்லை. காருக்கு முழுக் காப்புறுதி இருந்தும், வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காததால் அதற்கும் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் தவறாமல் கட்டியவள் அவள்.

அதனால் நீ கேட்கவேண்டியது ஹவுஸ்ஓனர் பாலிசி. வெள்ளம், புயல்காற்று, குழாய் வெடிப்பு, பூட்டை உடைத்த திருட்டால் வரும் சேதம் எல்லாம் அதில் வரும். ஆனால் அது கட்டடத்துக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் பாலிசி வேறாக எடுக்கவேண்டும். மண்சரிவு இரண்டிலும் பொதுவாக இருக்காது. கறையான் அரித்தது, நாள்பட்ட ஒழுகல், இவற்றுக்கு யாரும் தரமாட்டார்கள்.

தொகை விஷயத்தை மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் படி. கடன் எவ்வளவோ அவ்வளவுக்குப் போட்டால் போதும் என்று நினைக்காதே. வீடு வாங்கிய விலையும் கணக்கில்லை, அதில் நிலத்தின் விலையும் சேர்ந்திருக்கிறது. வீட்டை இடித்துத் திரும்பக் கட்ட இன்றைக்கு என்ன செலவாகும், அதுதான் கணக்கு. கட்ட 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும் வீட்டுக்கு 2 லட்சத்துக்குத்தான் பாலிசி என்று வை. அடுப்படி எரிந்து 60,000 வெள்ளி சேதம். 2 லட்சத்துக்குள் தானே என்று நீ நினைப்பாய். அவர்கள் 40,000 வெள்ளிதான் தருவார்கள். குறைத்துப் போட்ட விகிதத்துக்கு இழப்பீட்டையும் குறைப்பார்கள். பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டப்போவதாகச் சொன்னாயே, கட்டி முடித்த கையோடு கம்பெனிக்குச் சொல்லித் தொகையை ஏற்றிவிடு.

அப்புறம் நகை. அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலை. பெரும்பாலான ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் நகை எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது. தனி ஒரு பொருளுக்கு 5 சதவீதம்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியலில் தனியாக எழுதவேண்டும். சாமான்களுக்கு 60,000 வெள்ளி போட்டால் உன் கல்யாண ஆரத்துக்கு 3,000 வெள்ளிதான் வரும். அந்த ஆரத்தின் விலை உனக்கே தெரியும். ரசீது, படம் எல்லாம் எடுத்து வைத்து, பெயர் சொல்லி எழுதச் சொல். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காணாமல் போனால் கிடைக்காது, பூட்டை உடைத்து வந்ததற்கு அடையாளம் இருக்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஜொகூருக்கு மாற்றல் வரலாம் என்றாய். வீடு 90 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுபோகலாம். பூட்டிவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாடகைக்கு விட்டாலும் அப்படித்தான்.

பேங்க் காட்டும் கம்பெனியில்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. பேங்கின் பெயரைப் பாலிசியில் சேர்த்துக்கொடுத்தால் நீயே வேறு இடத்தில் விசாரித்து எடுக்கலாம், அதையும் அவர்களிடம் கேள்.

இப்போது கையில் இருக்கும் பாலிசியை எல்லாப் பக்கமும் தெளிவாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. முதல் பக்கத்தை மட்டும் அனுப்பாதே. எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று எழுதிய பக்கங்கள்தான் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிட்டு, என்ன சேர்க்கவேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா