திருகோணமலைக்கு நாக்கு இப்போதுதான் முளைத்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாரவெளியீட்டில், எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் சின்ன உணவகம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். நகருக்குள், கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் ஐந்தாறு மேசை போட்ட இடம். மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாட்டைச் சின்னச் சின்னத் தட்டுகளில் கொடுக்கிறார்கள். கட்டுரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்திய பந்தியில், கடலும் கோயிலும் மட்டுமே இருந்த திருகோணமலைக்கு இப்போதுதான் ஒரு நாக்கு முளைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார் உங்கள் செய்தியாளர். அதற்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

அந்த உணவகத்தில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உங்கள் கட்டுரை வருவதற்கு முன்பே மருமகளோடும் பேரனோடும் போய்ச் சாப்பிட்டுவிட்டேன். கடலையை அவித்து, எள்ளு விழுது, உள்ளி, தேசிக்காய்ப் புளி சேர்த்து அரைத்த ஹம்மூஸ், மேலே ஒலிவ் எண்ணெய். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர். நெருப்பில் வாட்டிய கணவாய். சுடச்சுட ரொட்டி. கண்டதையும் போட்டுக் குழப்பாமல், உப்பும் புளியும் அளவாக வைத்திருந்தார்கள். கணவாயை இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் நன்றாக நேரம் எடுத்து அவிய விட வேண்டும். இடையில் எடுத்தால் செருப்புத் தோல்தான். பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்த காலம் முழுக்க இதைச் சொல்லித் தொண்டை வற்றியவள் நான். அந்தக் குசினியில் நிற்கும் பெடியனுக்கு அது தெரிந்திருக்கிறது. கூப்பிட்டுக் கதைத்தேன். உள்ளூர்ப் பிள்ளை, வளைகுடா நாட்டு ஹோட்டல் குசினியில் நின்று தொழில் பழகி வந்தவன். உங்கள் கட்டுரையில் அவனுக்கு ஒரு வரிகூட இல்லை. கூரையில் தொங்கும் பிரம்பு விளக்குகளுக்கு ஒரு பந்தி. கொழும்பிலிருந்து வந்து முதல் போட்டவருக்குப் படம். சமைத்தது யார் என்று கேட்க உங்கள் ஆளுக்குத் தோன்றவில்லை.

கணவாய் எந்தக் கடலில் பிடித்தது என்றும் கட்டுரையில் இல்லை. விமானத்தில் வந்தது என்று நினைத்தாரோ என்னவோ. இங்கே விடியக் கரைக்கு வரும் நல்ல மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, லொறியில் கொழும்புக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மிஞ்சியதைத்தான் நாங்கள் சந்தையில் பேரம் பேசி வாங்குகிறோம். கொழும்பு நாக்குக்கு இவ்வளவு காலமும் மீன் கொடுத்த ஊருக்கு, கொழும்பிலிருந்து வந்து நாக்கு கொடுக்கிறார்களாம்.

கத்தரிக்காய்க்கு வருகிறேன். தணலில் சுட்டுத் தோலுரித்து மசித்த கத்தரிக்காயை வாயில் வைத்ததும், அந்தப் புகை மணத்தில் உங்கள் செய்தியாளருக்கு ஒரு தூர தேசத்துக் கரை தெரிந்ததாம். தம்பி எந்த ஊரோ தெரியாது. சுட்ட கத்தரிக்காயில் சம்பல் போடாத வீடு எங்கள் பக்கம் உண்டா, ஐயா? அதே கத்தரிக்காய், அதே தணல். அவர்கள் எள்ளு விழுதும் ஒலிவ் எண்ணெயும் விடுகிறார்கள். நாங்கள் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் வெட்டிப் போட்டு, தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் விடுகிறோம். ஒலிவ் மரம் நிற்கும் நாட்டில் ஒலிவ் எண்ணெய், தென்னை நிற்கும் நாட்டில் தேங்காய்ப்பால். 2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பி, முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்தோமே, அப்போது எங்கள் சட்டை, தலைமயிர், சோறு எல்லாவற்றிலும் இந்தப் புகை மணம்தான். தூர தேசத்துக் கரை ஒருவருக்கும் தெரியவில்லை. கண் எரிந்துகொண்டிருந்ததால் இருக்கலாம்.

சின்னத் தட்டுகளில் பல பண்டம் வைத்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவதும் எங்களுக்குப் புதுப் பழக்கமாம். எந்தத் தேத்தண்ணிக் கடையிலாவது போய் இருந்து பாருங்கள். கேட்காமலே வடை, ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ் அடுக்கிய தட்டு மேசைக்கு வரும். விரும்பியதை எடுக்கலாம், எடுத்ததற்கு மட்டும் காசு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் கலியாண வீடுகளில் சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி இருந்து எல்லாரும் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் கலியாணங்களில் நானும் அப்படிச் சாப்பிட்டவள். இதைவிடப் பகிர்வது எப்படி என்று அந்தத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

இரவில் ஆறுதலாக இருந்து சாப்பிட இந்த ஊரில் இடங்கள் வளராமல் போனது எதனால் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? போர் முடிந்த 2009 வரைக்கும், இடையில் வந்த சமாதான காலத்தை விட்டால், பொழுதுபட்டால் கடை பூட்டு. ஊரடங்கு, சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு. ரியூசனுக்குப் போன பிள்ளை வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று படலையடியில் நின்ற தாய்மார், வெளியே போய் எதைச் சாப்பிடலாம் என்றா யோசித்திருப்பார்கள்? அந்தச் செய்திகளையெல்லாம் முதல் பக்கத்தில் போட்டதே நீங்கள்தான். அந்தப் பேப்பரில் சுற்றித்தான் கடைக்காரர் எங்களுக்கு வடையும் தந்தார்.

ஐரோப்பியச் சுவையும் இப்போதுதான் கப்பலேறி வருகிறது என்று நினைக்க வேண்டாம். 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர், பிறகு ஒல்லாந்தர், 1782இல் பிரெஞ்சுக்காரர், 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன ஆங்கிலேயர், இத்தனை பேரும் இங்கே பட்டினியா கிடந்தார்கள்?

உங்கள் பத்திரிகைக்குத் திருகோணமலை என்றால் நாலே நாலு படம். கோணேசர் கோயில், கோட்டை மான், கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாத்தீவு. ஒருமுறை பாசிக்குடாப் படத்தைப் போட்டு நிலாவெளி என்று எழுதினீர்கள். பரவாயில்லை, இரண்டும் கிழக்குத்தானே. அந்த மான்கள், ஆட்கள் வீசும் சாப்பாட்டுப் பார்சலின் லஞ்ச் ஷீட்டைத் தின்கின்றன என்று நான் எழுதிய கடிதம் உங்கள் மேசைக்கு வந்து நாலு வரியாக மெலிந்தது. அடுத்த வாரமே அதே மானுக்கு வண்ணப் படம், எவ்வளவு அழகு என்ற தலைப்போடு. மகளிர் பக்கத்துக்கு மீன் சொதி செய்முறை அனுப்பினேன். மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி என்று எழுதியிருந்தேன். அரைக் கப் என்று அச்சடித்தீர்கள். ஊரில் யார் யார் உங்கள் மகளிர் பக்கத்தைப் பார்த்துச் சமைக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிய வந்தது. படிப்பித்த பிள்ளைகளே தொலைபேசியில் கூப்பிட்டு, “டீச்சர், உங்களுக்குச் சுகமில்லையா?” என்று கேட்டார்கள். திருத்தம் போடச் சொல்லி உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டபோது, “பார்க்கிறோம் அம்மா” என்றது ஒரு பிள்ளை. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சரி, விலை. நியாயமான விலை என்று எழுதியிருக்கிறார். தட்டுத்தான் சின்னது, வயிறு சின்னதில்லையே. என் பேரனுக்குப் பசி அடங்க, தட்டுக்கு மேல் தட்டு சொல்ல வேண்டி வந்தது. பில்லின் அடியில் பத்து வீதம் சேவைக் கட்டணம் வேறு. ஒலிவ் எண்ணெயும் எள்ளு விழுதும் வெளிநாட்டிலிருந்து வருபவை, டொலர் ஏறினால் அவையும் ஏறும் என்பது எனக்கு விளங்குகிறது. கடைக்காரர் என்ன செய்வார். ஆனால் அந்தச் சேவைக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத கட்டுரையை வாசித்தால், எழுதியவர் பில்லைக் கண்டாரா என்று ஒரு சின்னச் சந்தேகம் வரத்தானே செய்யும். கண்டிருந்தால், பெரியவள் ஏதோ சொன்னேன் என்று விட்டுவிடச் சொல்லுங்கள்.

மெனுவின் கையெழுத்து அழகையும் புகழ்ந்திருக்கிறார். அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. நாங்கள் போன அன்று பக்கத்து மேசையில் இருந்த வயதான புருசனும் பெண்சாதியும் அந்த மெனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் இரண்டு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கத்தரிக்காய் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அந்தப் பக்கத்தில், சேவைக் கட்டணம் தனி என்று ஒரு வரி போடுங்கள். மெனுவைத் தமிழிலும் வைத்தால் நல்லது என்று இன்னொரு வரி. நான் சொன்னால் அவர்கள் சிரித்துவிட்டு விடுவார்கள், நீங்கள் எழுதினால் செய்வார்கள், உங்கள் கட்டுரையைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருப்பதாகக் கேள்வி. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் காசில்லாமல் நானே செய்து தருகிறேன். உங்கள் செய்தியாளரை மறுபடி இந்தப் பக்கம் அனுப்புவதாக இருந்தால் விடியவே அனுப்புங்கள், வெயில் ஏறினால் மீன் சந்தைப் பக்கம் இடியப்பமும் சொதியும் முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பக்கத்தில் இடம் மிஞ்சினால், மஞ்சள் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள். அரைத் தேக்கரண்டி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.