நகர மறுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட வீடமைப்பு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "பழகிய இடத்தை விட்டு நகர விரும்பாதது மனித இயல்பு, லயங்கள் இன்னும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்." வரிசையாய் ஒட்டிக் கட்டிய அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் எங்கள்மேல் கட்டுரையாளர் பரிவோடுதான் எழுதியிருக்கிறார். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

இயல்பு என்றால் எல்லா மனிதருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பசி இயல்பு, பயம் இயல்பு. கொழும்பில் வீடு மாறுகிறவருக்கு இல்லாத இயல்பு லயத்துக் காம்பரா அறையில் கிடக்கிறவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்து மலையேறியவர்கள். நகரத் தெரியாத கூட்டமா அது? 1948இல் எங்கள் பிரஜாவுரிமை போயிற்று. 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. என் பெரியம்மா அழுதுகொண்டே தலைமன்னாரில் கப்பலேறினார். அவருடைய இயல்பை அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

அம்மா கொழுந்து எடுத்தவர். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். வறட்சியில் கொழுந்தே இல்லை என்று சொன்னால், "சோம்பல் உங்க சுபாவம்" என்பார் கணக்கப்பிள்ளை. அதே சொல்தான் இப்போது வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு உங்கள் பத்திரிகைக்கு வந்திருக்கிறது.

வீடு கட்டிக்கொள்ள ஏழு பேர்ச் காணிக்கு, ஒரு சின்னத் துண்டு நிலத்துக்கு, நான் விண்ணப்பித்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று தடவை படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு தடவை தொலைந்துவிட்டது என்றார்கள். நகர மறுப்பது நானா, என் ஃபைலா?

இதைப் போன வருடமே உங்களுக்கு எழுதினேன். காணி என்ற சொல்லே இல்லாதபடி நாலு வரியாக்கி, நீர்வீழ்ச்சிப் படத்துக்குக் கீழே போட்டீர்கள். சரி, இடநெருக்கடி என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது கேட்பதும் சின்ன விஷயம்தான். "லயங்கள் இன்னும் இருப்பதற்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லாததும் ஒரு காரணம்" என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், ஞாயிறு பத்திரிகை எங்கள் கடைக்குத் திங்கள் பகல்தான் வருகிறது. அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை