எழும்போது தலைசுற்றினால் பித்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்தில், 'எழுந்திருக்கும்போது கண் இருட்டினால் பித்தம்தான், இஞ்சிச் சாறு போதும்' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் அம்மாவுக்கும் இரண்டு வருஷம் இஞ்சிச் சாறுதான் கொடுத்தோம். ஒருநாள் விடிகாலை பால்காரர் மணியடித்ததும் கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தவர், நிலைப்படியைப் பிடிக்க நீட்டிய கை நீட்டியபடியே சரிந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியாததல்ல. படுத்திருப்பவர் எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தம் குறைவதை உடனே மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கும். சில நொடியில் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். வயதானால் இந்தச் சுதாரிப்பு மந்தமாகிவிடும், மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து தலைசுற்றும். பிரஷர் மாத்திரையும் சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அம்மா மாதாமாதம் பிரஷர் பார்க்கத் தவறியதில்லை. மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி அளந்து அனுப்புவார்கள். ஐந்து நிமிஷம் ஓய்வாக உட்காரச் சொன்னதில்லை. நிற்கவைத்து அளந்ததே இல்லை. ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நின்ற அன்றுதான் ஒரு இளம் டாக்டர் அளந்தார். படுக்கையில் 150, நின்ற மூன்றாவது நிமிஷம் 112. மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். மாத்திரையை மாற்றினார். அப்புறம் தலைசுற்றல் இல்லை.

போன வருஷமும் இதே பக்கத்தில், யாருக்குத் தலைசுற்றினாலும் உப்பு மோர் குடிக்கலாம் என்று போட்டிருந்தீர்கள். உடம்பில் உப்பும் நீரும் எவ்வளவு தங்கலாம் என்பதைச் சிறுநீரகம்தான் பார்த்துக்கொள்கிறது. பிரஷர் கூடியவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அந்த மோர் என்ன செய்யும்? அன்றே கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வருத்தம்தான், ஆனாலும் பத்திரிகையை நிறுத்தவில்லை.

நான் கேட்பது நாலே வரி. எழும்போது தலைசுற்றுகிறவர்கள் நின்ற நிலையிலும் பிரஷர் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்று அதே பக்கத்தில் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரிவதில்லை.

இப்படிக்கு,
28 வருஷ வாசகி,
திருமங்கலம்.